பலகை இல்லாத அருவிகள்: காட்டுச்சாலையிலிருந்து தேடிப் போய்ப் படமெடுக்கும் முறை

ஒரு அருவியைத் தேடிக் கிளம்பும் முன் எனக்கு இரண்டு விஷயம் தெரிந்தாக வேண்டும். தண்ணீர் எந்த உயரத்தில் விழுகிறது, எந்தத் திசையைப் பார்த்து விழுகிறது. முதலாவது தெரிந்தால் அருவியைக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டாவது தெரிந்தால் எந்த நேரத்தில் அங்கே போய் நிற்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். இரண்டையும் வீட்டு மேசையில் உட்கார்ந்து, வரைபடத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். அங்கே போய்த் தேடிக்கொள்ளலாம் என்று கிளம்புகிறவர்கள் வண்டியிலேயே பாதிப் பகலைத் தொலைத்துவிட்டு, உச்சி வெயிலில் வெள்ளைத் திட்டாக வெளுத்துப்போன ஒரு படத்தோடு திரும்புவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கைப்பிடிக் கம்பியும் படிக்கட்டும் போட்ட அருவிகளைப் பற்றி நான் எழுதவில்லை. காட்டுச்சாலையில் போகிறவர்கள் கவனிக்காமல் கடந்துபோகிற, சாலையிலிருந்து அரை கிலோமீட்டரோ இரண்டு கிலோமீட்டரோ உள்ளே மரங்களுக்குப் பின்னால் இருக்கிற அருவிகள்தான் இங்கே விஷயம்.

வரைபடத்தில் தேடுவது

கான்டூர் என்று சொல்லும் சமஉயரக் கோடுகள் உள்ள வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஓடையைக் கடக்கும் இடத்தில் இந்தக் கோடுகள் ஆப்பு வடிவில் வளையும். ஆப்பின் கூர்முனை, தண்ணீர் வரும் மேற்பக்கத்தைக் காட்டும். அந்தக் கூர்முனைகள் எங்கே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன என்பதைத்தான் தேட வேண்டும். 1:50,000 அளவு வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். கோடுகளுக்கு இடையே 20 மீட்டர் உயர வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், மூன்று கோடுகள் ஒரு மில்லிமீட்டருக்குள் நெருங்கி ஓடையைக் கடக்கும் இடத்தில் 50 மீட்டர் தூரத்துக்குள் 40 மீட்டர் இறக்கம் இருக்கிறது. அங்கே தண்ணீர் குதித்தே ஆக வேண்டும். பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவிடுவேன்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. 15 மீட்டர் அருவி ஒன்று இரண்டு கோடுகளுக்கு நடுவே முழுதாக ஒளிந்துகொள்ளும். வரைபடம் அதைக் காட்டவே காட்டாது. கைப்பேசிச் செயலிகளில் வரும் கோடுகளை இன்னும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். அவற்றில் பல, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் ரேடார் வைத்து எடுத்த உயரத் தரவிலிருந்து வரைந்தவை. அந்தத் தரவில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் தோராயமாக 30 மீட்டர். குறுகிய பள்ளத்துக்குள் செங்குத்தாக விழும் அருவியை அது மழுக்கி, சாதாரண சரிவாக்கிவிடும். பழைய அச்சு வரைபடம் கிடைக்கிற பகுதி என்றால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லைடார் தரவு (விமானத்திலிருந்து லேசர் கதிரால் அளந்த உயரங்கள்) வெளியிடப்பட்டிருந்தால் அதைவிட நல்லது வேறில்லை. மரங்களைக் கழித்துவிட்டுத் தரையை மட்டும் காட்டும்.

அடுத்து, பாறை. நயாகராவில் மேலே கெட்டியான டோலமைட் பாறை, கீழே மெத்தென்ற ஷேல் என்னும் களிமண் பாறை. கீழ்ப்பாறை அரித்துப் போகப் போக மேல்பாறை விளிம்பாக நீட்டிக்கொண்டு நிற்கிறது, பிறகு உடைந்து விழுகிறது. உலகத்தில் ஏராளமான அருவிகள் இப்படித்தான் உண்டானவை. தேடுகிறவருக்கு இதில் பெரிய உதவி இருக்கிறது. கெட்டியான பாறை அடுக்கு ஒரு ஓடையோடு முடிந்துவிடாது, மலைமுகம் முழுக்க ஓடும். ஒரு ஓடையில் 620 மீட்டர் உயரத்தில் அருவி இருந்தால், பக்கத்து ஓடைகளிலும் அதே உயரத்தை ஒட்டித் தேடுங்கள். அடுக்கு சாய்ந்திருந்தால் உயரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் அல்லது இறங்கும், அவ்வளவுதான். பெயரில்லாத அருவிகளில் பலவற்றுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனது இந்த ஒரு கணக்குதான். பனியாறு குடைந்த மலைகளில் கணக்கு வேறு. அங்கே பெரிய பள்ளத்தாக்கு ஆழமாகத் தோண்டப்பட்டு, கிளைப் பள்ளத்தாக்குகள் மேலேயே தொங்கிக்கொண்டிருக்கும். அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவிலுள்ள பிரைடல்வெயில் அருவி 188 மீட்டர் விழுவது அதனால்தான். அத்தகைய இடங்களில் கிளை ஓடை பெரிய பள்ளத்தாக்கைச் சேரும் வாயில் தேட வேண்டும்.

செயற்கைக்கோள் படத்தை நான் கடைசியாகத்தான் திறப்பேன். அடர்ந்த காட்டில் அது மர உச்சிகளை மட்டும் காட்டும். கூகுள் எர்த்தில் பழைய தேதிப் படங்களுக்குப் போகும் வசதி இருக்கிறது. இலை உதிர்ந்த மாதத்துப் படத்தைத் தேர்ந்தெடுத்துப் பென்சில் வட்டம் போட்ட இடத்தைப் பாருங்கள். வெள்ளையாக ஒரு கீற்றுத் தெரிந்தால் உடனே குதூகலிக்க வேண்டாம். காய்ந்த வெற்றுப் பாறையும் அப்படித்தான் இருக்கும். மழைக்காலப் படத்திலும் கோடைப் படத்திலும் கீற்றின் அகலம் மாறினால் அது தண்ணீர்.

எந்த நாளில் போவது

வரைபடத்தில் அருவிக்கு மேலே உள்ள நீர்ப்பிடிப்புப் பகுதியை மலைமுகடுகளை ஒட்டி ஒரு கோடு போட்டு வளைத்துப் பாருங்கள். ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது பத்து லட்சம் லிட்டர். அதில் பெரும்பங்கை மண்ணும் மரமும் குடித்துக்கொள்ளும், மிச்சம்தான் ஓடைக்கு. ஒன்றிரண்டு சதுர கிலோமீட்டர் மட்டுமே உள்ள அருவி மழை விட்ட சில மணி நேரத்தில் இளைத்துவிடும். இருபது முப்பது சதுர கிலோமீட்டர் உள்ள அருவி பல நாள் தாங்கும். பெரிய மழைக்கு மறுநாள் தண்ணீர் காவி நிறத்தில் இருக்கும், படத்துக்கு உதவாது. இரண்டாம் நாள் அல்லது மூன்றாம் நாள் நிறம் தெளிந்து, அளவும் குறையாமல் இருக்கும். அந்த இடைவெளியைத்தான் பிடிக்க வேண்டும்.

நேரத்தை முடிவு செய்வது அருவியின் முகம். ஓடை எந்தத் திசைக்கு ஓடுகிறதோ, பெரும்பாலும் அருவியும் அந்தத் திசையைப் பார்த்துத்தான் நிற்கும். கிழக்கு நோக்கியதற்குக் காலை வெயில், மேற்கு நோக்கியதற்கு மாலை வெயில். எனக்கு வேண்டியது நிழல். பாதி வெயிலும் பாதி நிழலுமாக இருக்கும் அருவியை எந்தக் கேமராவாலும் ஒழுங்காக எடுக்க முடியாது. அதனால் கிழக்கு நோக்கிய அருவிக்குப் பிற்பகலில் போகிறேன், மேற்கு நோக்கியதற்கு விடியலில். மேகம் மூடிய நாள் என்றால் எந்த நேரமும் சரி.

வெயிலை விரும்பிப் போகும் ஒரே சந்தர்ப்பம் வானவில். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். உங்கள் தலையின் நிழல் விழும் திசையிலிருந்து 42 டிகிரி விலகி வில் தெரியும். சூரியன் அடிவானத்திலிருந்து 42 டிகிரிக்கு மேல் ஏறிவிட்டால், வில்லைப் பார்க்க மேலிருந்து கீழே சாரலைப் பார்க்கும் இடத்தில் நிற்க வேண்டியிருக்கும். ஆகவே கிழக்கு நோக்கிய அருவிக்கு அதிகாலை. நிலா வெளிச்சத்திலும் வில் உண்டு. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள கம்பர்லேண்ட் அருவியில் பௌர்ணமியை ஒட்டிய தெளிந்த இரவுகளில் அதைப் பார்க்கவே ஆட்கள் போகிறார்கள்.

சாலையில்

காட்டுச்சாலைகள் மரம் ஏற்றவும் தீத்தடுப்புக்கும் ரோந்துக்கும் போடப்பட்டவை. நுழைய அனுமதி வேண்டுமா, எந்த மாதங்களில் மூடப்படும் என்பதை அந்தக் காட்டைப் பராமரிப்பவர்களிடம் முதலில் கேளுங்கள். அனுமதி இல்லை என்றால் இல்லைதான். வேறு அருவி பார்த்துக்கொள்ளலாம். மூடியிருந்த கதவைத் திறந்து போனால் மறுபடி மூடுங்கள். கதவுக்கு முன்னால் வண்டியை நிறுத்தாதீர்கள். நிறுத்தும்போதே வண்டியின் முகத்தைத் திரும்பும் திசைக்கு வைத்துவிடுங்கள்.

மலைச்சரிவை ஒட்டிப் போகும் சாலை, அந்தச் சரிவில் இறங்கும் எல்லா ஓடைகளையும் வெட்டிக்கொண்டுதான் போகும். ஒவ்வொரு ஓடைக்கும் ஒரு சிறுபாலமோ குழாயோ இருக்கும். கைப்பேசியில் சிக்னல் இல்லாத இடத்தில் எனக்கு இந்தச் சிறுபாலங்கள்தான் மைல்கல். கடைசிக் கூட்டுச்சாலையில் வண்டியின் கிலோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து எத்தனையாவது சிறுபாலம் நம் ஓடை என்று எண்ணிக்கொண்டே போகலாம். இறங்கிப் பாருங்கள். சின்ன ஓடைக்குப் பெரிய குழாய் பதித்திருந்தால், மழையில் அதில் நிறையத் தண்ணீர் வருகிறது என்று பொருள்.

எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை விட்டு நூறு அடி தள்ளி நில்லுங்கள். சலசலப்பு பக்கத்து ஓடையிலிருந்து வருவது. அதற்கு அடியில், காதைவிட நெஞ்சில் படுவது போல ஒரு தொடர்ந்த முழக்கம் இருக்கிறதா என்று கவனியுங்கள். அதுதான் விழும் தண்ணீர். தாழ்ந்த ஒலி மரங்களை ஊடுருவி வரும், உயர்ந்த ஒலி வழியிலேயே தேய்ந்துவிடும். பள்ளத்தில் எதிரொலி திசையைக் குழப்பும் என்பதால், ஒலியை நம்பித் திசை மாறாதீர்கள். வரைபடம் சொன்ன இடத்துக்கே போங்கள்.

இறங்கும் வழி

இந்தப் பகுதியை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். அருவி சாலைக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? மேலே என்றால் ஓடையை ஒட்டியே ஏறிப் போகலாம். அருவியின் காலடிக்குப் போய்ச் சேருவீர்கள். கீழே என்றால் ஓடையை ஒட்டி ஒருபோதும் இறங்காதீர்கள். அந்த வழி உங்களை அருவியின் உச்சி விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தும். அங்கே பாறை தட்டையாக, ஈரமாக, கண்ணுக்குத் தெரியாத பாசியோடு இருக்கும், தண்ணீரோ கணுக்கால் அளவுதான் தெரியும். அருவிகளில் உயிரிழப்பவர்களில் பலர் விழுவது இந்த இடத்தில்தான். கீழே உள்ள அருவிக்கு, வரைபடத்தில் ஓடைக்குப் பக்கத்தில் மெல்லச் சரியும் ஒரு மலைமுதுகைத் தேர்ந்தெடுங்கள். அதன் வழியாக இறங்கி, அருவிக்கு முந்நூறு நானூறு மீட்டர் கீழே ஓடையைத் தொடுங்கள். பிறகு தண்ணீருக்கு எதிராக மேலே நடந்து வாருங்கள். தூரம் இரண்டு மடங்கு ஆகும். ஆகட்டும்.

நேரக் கணக்குக்கு 1892ல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் சொன்ன விதி பிரபலமானது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். அது நல்ல பாதைக்கு. பாதையே இல்லாத, புதரும் விழுந்த மரங்களும் உள்ள காட்டில் நான் மணிக்கு ஒரு கிலோமீட்டர் என்று மட்டும்தான் வைத்துக்கொள்கிறேன். திரும்ப வேண்டிய நேரத்தைக் கிளம்பும்போதே முடிவு செய்து, வீட்டில் ஒருவரிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அந்த நேரம் வந்துவிட்டால், அருவியின் சத்தம் காதில் விழுந்தாலும் திரும்பிவிடுவேன்.

ஜிபிஎஸ் திறந்த வெளியில் ஐந்து மீட்டருக்குள் சரியாக இருக்கும். ஆழமான பள்ளத்தில் சிக்னல் பாறையில் பட்டுத் தெறித்து வருவதால் பல பத்து மீட்டர் தள்ளிக் காட்டும். வண்டி நிற்கும் இடத்தையும் ஓடையைத் தொட்ட இடத்தையும் குறித்துவையுங்கள். திரும்பும்போது ஓடையிலிருந்து எங்கே ஏற வேண்டும் என்பதுதான் மறந்துபோகும். ஒரு துணியையோ கல் அடுக்கையோ அடையாளம் வைத்தால், திரும்பும்போது எடுத்துவிடுங்கள், கலைத்துவிடுங்கள்.

ஓடையைக் கடக்க நேர்ந்தால்: தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். முழங்காலுக்கு மேல், வேகமான நீர் என்றால் நான் கடப்பதில்லை. பையின் இடுப்பு வாரை அவிழ்த்துவிட்டு, ஒரு கோலை ஊன்றி, நீர் வரும் திசையைப் பார்த்தபடி பக்கவாட்டில் நகருங்கள். அருவிக்கு மேலே கடப்பது என்ற பேச்சே வேண்டாம்.

அருவியின் காலடிக்கு வந்ததும் முதல் வேலை, நீர் விளிம்பில் ஒரு கல்லைப் பார்த்து மனதில் குறித்துக்கொள்வது. தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் பத்துக் கிலோமீட்டர் மேலே மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். அந்தக் கல் நனைந்துவிட்டால், தெளிந்த நீர் திடீரென்று கலங்கினால், இலையும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வந்தால், சத்தத்தின் தொனி மாறினால், கேமராவைப் பையில் போடக்கூட நிற்காமல் கரையில் உயரமாக ஏறுங்கள்.

படம்

மேகமூட்டமான நாளில் அடர்ந்த மரத்தடி நிழலில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 100, எஃப்/11 (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறுக்கும்) வைத்தால் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் ஏறக்குறைய 1/8 நொடியில் வந்து நிற்கும். பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் என்ற வடிகட்டியை மாட்டினால் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) குறைந்து 1/3 அல்லது 1/2 நொடி ஆகும். எனக்கு வேண்டிய வேகம் அதுவேதான், நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் என்டி ஃபில்டர் பையிலேயே இருக்கும். வெளிச்சம் அதிகமுள்ள திறந்த பள்ளத்தில் 1/30 வரும். போலரைசரோடு 1/8, அதற்கு மேல் மூன்று ஸ்டாப் என்டி போட்டால் ஒரு நொடி. துளையை எஃப்/22 வரை சுருக்கி வேகத்தைக் குறைக்காதீர்கள். ஒளி விளிம்பில் வளைவதால் படம் முழுக்கக் கூர்மை போய்விடும்.

முப்பது நொடி திறந்து வைத்து அருவியைப் பாலாடையாக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. விழும் நீருக்கு உடல் இருக்கிறது, இழை இருக்கிறது. அது தெரிய வேண்டும். பாறை மேல் மெல்லிய திரையாக வழியும் அருவிக்கு அரை நொடி முதல் ஒரு நொடி. கனமாகக் கொட்டும் அருவிக்கு 1/15 முதல் 1/4 வரை. அதற்கு மேல் போனால் வெறும் வெள்ளைச் சுவர். கீழே மடுவில் நுரை வட்டமடிக்கிறது என்றால் மட்டும் ஆறு ஸ்டாப் என்டி போட்டுப் பத்துப் பதினைந்து நொடி வைக்கிறேன். நுரை சுழன்ற பாதை முழுதும் கோடாக விழும். ஒரே இடத்தில் நின்று நாலைந்து வேகங்களில் எடுத்து, திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். நீரின் அளவு ஒவ்வொரு அருவிக்கும் வேறு என்பதால் சூத்திரம் செல்லாது.

வெளிச்ச அளவைத் தண்ணீருக்கு வையுங்கள், காட்டுக்கு வைக்காதீர்கள். வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தில் முட்டக்கூடாது. கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்தால் இருண்ட பாறையைப் பிறகு தூக்கிவிடலாம், வெளுத்துப்போன நுரையைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

போலரைசரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அருவிப் படத்துக்கு அதைப்போல் உதவும் பொருள் வேறில்லை. ஈர இலையின் மேலும் பாறையின் மேலும் படியும் வெள்ளைப் பளபளப்பை அது எடுத்துவிடும், அடியில் உள்ள பச்சையும் கருப்பும் வெளியே வரும். மடுவின் நீர்ப்பரப்பை 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போது அதன் வேலை உச்சத்தில் இருக்கும். அடியில் கிடக்கும் கூழாங்கற்கள் ஒவ்வொன்றாகத் தெரியும். ஆனால் கடைசி வரை திருகாதீர்கள். எல்லாப் பளபளப்பும் போனால் பாறை காய்ந்ததுபோல் ஆகிவிடும். உச்சத்துக்குப் போய், கால்வாசி பின்னால் வாருங்கள். வானவில் இருக்கும்போது மிகுந்த கவனம்: வில்லின் ஒளி பலமாக முனைவுற்றது (பெரும்பாலும் ஒரே திசையில் அதிர்வது), ஒரு பக்கம் திருகினால் வில் மறைந்தே போகும், இன்னொரு பக்கம் திருகினால் பளிச்சென்று வரும்.

நிற்கும் இடத்துக்கு வருகிறேன். அருவியின் காலடியில் ஒட்டி நின்று அகன்ற லென்ஸால் அண்ணாந்து எடுத்தால், நாற்பது மீட்டர் அருவி பத்து மீட்டராகச் சுருங்கித் தெரியும். பின்னால் போங்கள். தண்ணீர் மடுவை விட்டு வெளியேறும் வாயில் நின்று, ஓடும் நீரை முன்னணியாகவும் அருவியைப் பின்னணியாகவும் வைத்துப் பாருங்கள். அண்ணாந்து பார்க்கும் கோணம் குறைந்ததும் உயரம் திரும்பி வரும். இன்னும் தள்ளி 70–200 லென்ஸால் ஒரு விளிம்பை மட்டும், பாறையில் மோதி நீர் இரண்டாகப் பிரியும் ஒரு இடத்தை மட்டும் எடுப்பதும் எனக்கு மிகவும் பிடிக்கும். முழு அருவியை எடுத்த பிறகு, குறைந்தது அரை மணி நேரமாவது இப்படிப்பட்ட துண்டுகளுக்கு ஒதுக்குங்கள்.

ட்ரைபாட் கால்களை ஓடும் நீருக்குள் வைத்தால் அதிரும். வேறு வழியில்லாவிட்டால் கால்களைக் கற்களுக்கு இடையே அழுத்தி ஊன்றி, நடுத்தண்டை உயர்த்தாமல், இரண்டு நொடி டைமரில் எடுங்கள். சாரல் லென்ஸில் விழுவதைத் தடுக்க முடியாது, சமாளிக்கத்தான் முடியும். விழும் நீர் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும், ஆனால் அந்தக் காற்று அலையலையாக வரும். தொப்பியால் லென்ஸை மூடிக்கொண்டு தணியும் கணத்துக்குக் காத்திருந்து, துடைத்து, உடனே எடுங்கள். ஒரு துணி போதாது. ஐந்தாறு உலர்ந்த துணிகளைத் தனித்தனி உறைகளில் வைத்திருக்கிறேன். காற்றில் இலைகள் ஆடினால், ஐஎஸ்ஓவை உயர்த்தி 1/125ல் இன்னொரு படம் எடுத்துக்கொண்டு, இலைகளை அதிலிருந்தும் தண்ணீரை மெதுவான படத்திலிருந்தும் எடுத்து இணைக்கலாம். கைப்பேசி மட்டும் இருந்தாலும் குறையில்லை. ஐபோனில் லைவ் ஃபோட்டோவாக எடுத்துப் பிறகு லாங் எக்ஸ்போஷர் ஆக்கலாம்; ஒரு பாறையில் ஊன்றிப் பிடித்தால் போதும்.

உயரம் அளக்க ஒரு சுலபமான வழி: கைப்பேசியின் சாய்வுமானியை விளிம்பை நோக்கிப் பிடித்தபடி முன்னும் பின்னும் நகர்ந்து, 45 டிகிரி காட்டும் இடத்தில் நில்லுங்கள். தரை சமமாக இருந்தால், அருவி விழும் இடத்துக்கு உள்ள தூரத்தோடு உங்கள் கண் உயரத்தைக் கூட்டினால் அதுதான் அருவியின் உயரம். அன்றிரவே குறிப்பேட்டில் அமைவிடம், உயரம், பார்க்கும் திசை, கடைசி மழைக்கு எத்தனையாவது நாள், நீரின் அளவு எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

இடத்தை வெளியே சொல்வதா என்பது ஒவ்வொரு அருவிக்கும் தனி முடிவு. பாதை உறுதியாக இருந்து, அனுமதியும் உள்ள இடம் என்றால் யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் இணைய வரைபடத்தில் சேர்த்துவிடுகிறேன், அடுத்தவருக்கு உதவும். அருவிக்குப் பின்னால் பறவைகள் கூடு கட்டியிருந்தால் சேர்ப்பதில்லை. வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வாழும் கரும் உழவாரக் குருவி, அருவிக்குப் பின்னால் உள்ள ஈரப் பாறையில் கூடு கட்டி ஒரே ஒரு முட்டைதான் இடும். அப்படிப்பட்ட பாறையை ஆட்கள் தினமும் ஏறி மிதித்தால் அந்த வருடம் குஞ்சே இல்லை. அந்த அருவிகளின் படங்களிலிருந்து ஜிபிஎஸ் விவரத்தை நீக்கிவிட்டுத்தான் வெளியிடுகிறேன். பின்னணியில் அடையாளம் தெரியும் மலைமுகடு இருந்தால் அதையும் படச்சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுகிறேன்.